ஜாக் ஆப்ரியின் தனி நண்பர்

2004ஆம் ஆண்டு, முதுகலை முதலாண்டுத் தேர்வுகள் முடிந்த இரவில், விடுதியின் பொது அறையில் ஒரு கப்பல் படம் பார்த்தோம். பீட்டர் வியர் இயக்கி அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்திருந்த 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்'. வாடகைக்கு எடுத்துவந்த குறுந்தகடுகள். அவ்வப்போது சிக்கிக்கொள்ளும் கணினி. முன்னால் தரையில் இருபது பேர். தமிழ் படித்த எங்களில் பலருக்கும் அந்த ஆங்கிலம் பாதிக்குமேல் பிடிபடவில்லை. புயலும் பீரங்கியும் இருந்ததால் மொழி ஒரு குறையாகத் தோன்றவில்லை.

படத்தின் முடிவில் கேப்டன் ஜாக் ஆப்ரியும் கப்பல் மருத்துவர் ஸ்டீஃபன் மாட்டுரினும் கேபினில் அமர்ந்து இசைக்கிறார்கள். ஒருவரிடம் வயலின், மற்றவரிடம் செல்லோ. பொக்கெரினியின் இசை. இடையில் வில்லை விலக்கிவிட்டு இருவரும் தந்திகளைக் கிதார்போல விரல்களால் மீட்டத் தொடங்குவார்கள். வெளியே கப்பல் திசை திரும்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அது சொன்ன சொல்லை இங்கே எழுத விருப்பமில்லை. அறை சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்து அதே குரல், "நம்ம சோழனும் பிசிராந்தையாரும் வயலின் கத்துக்கலாமே" என்றது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் என்பது எனக்கும் என் அறைத்தோழனுக்கும் எங்கள் பேராசிரியர் ஒருவர் மெய்யான வாஞ்சையுடன் இட்ட பெயர். எங்கு சென்றாலும் இருவரும் சேர்ந்தே செல்வோம் என்பதால் வந்தது. அன்றிரவு அது வேறு பெயராகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் படத்துக்கு மூலமான நாவல்களை வாசிக்க எனக்குப் பத்தாண்டுகளுக்குமேல் ஆயிற்று. பாட்ரிக் ஓப்ரையன் 1969இல் தொடங்கி எழுதிய வரிசை அது. முற்றுப்பெற்றவை இருபது, முடிவுறாத இருபத்தொன்றாவது, ஆசிரியரின் மறைவுக்குப் பின் 2004இல் வந்தது. நெப்போலியன் காலத்து ஆங்கிலேயக் கடற்படைதான் களம். ஆனால் போர்களுக்காக அவற்றை வாசித்ததாக யாரேனும் சொன்னால் நான் நம்பமாட்டேன். பருத்த உடலும் உரத்த சிரிப்புமாகக் கடலில் மேதையாகவும் கரையில் மூடனாகவும் இருக்கும் ஜாக். பாதி ஐரிஷ், பாதி கடலோனியக் குருதியுடன், மருத்துவனாக, இயற்கை ஆய்வாளனாக, ஒற்றனாக இருந்தும், படகிலிருந்து கப்பலுக்கு ஏறும்போது இன்னமும் தண்ணீரில் விழுந்துவிடும் ஸ்டீஃபன். இந்த இருவரையும் பிரிய மனமில்லாமல்தான் வாசகர்கள் இருபது நாவல்களைக் கடக்கிறார்கள்.

மினோர்கா தீவின் போர்ட் மஹோனில், 1800ஆம் ஆண்டின் வசந்தத்தில், ஓர் இசைக்கூடத்தில் அவர்கள் சந்திக்கிறார்கள். லொக்கடெல்லியின் நால்வர் இசை நடந்துகொண்டிருக்கிறது. ஜாக் தன் முழங்காலில் தாளம் போடுகிறான். அதுவும் அரைத்தாளம் முந்தி. அருகிலிருக்கும் மெலிந்த, கறுப்புக் கோட்டணிந்த அந்நியனுக்குப் பொறுக்கவில்லை. முழங்கையால் விலாவில் இடிக்கிறான். இருவரும் சண்டைக்கு அழைப்பதுபோல முகவரி பரிமாறிக்கொண்டு பிரிகிறார்கள். அன்றிரவே ஜாக்குக்குக் கப்பல் கிடைத்துவிடுகிறது. மறுநாள் தெருவில் அந்த அந்நியனைக் கண்டதும் மகிழ்ச்சிப் பெருக்கில் மன்னிப்புக் கேட்கிறான், சேர்ந்து உண்கிறார்கள், சில நாட்களில் ஸ்டீஃபன் அக்கப்பலின் மருத்துவன். மோதலில் தொடங்கி விருந்தில் கனியும் இந்தச் சந்திப்பைக் காதல் கதைகளில் நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ரசிகர்கள் என்றேன். அது ஒரு தனி மரபு. 1970களில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கிர்க், ஸ்பாக் என்னும் இருவரைக் காதலர்களாக வைத்துக் கதை எழுதத் தொடங்கினார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரு பெயர்களுக்கு நடுவே போட்ட சாய்கோடே அவ்வகைக்குப் பெயராயிற்று: 'ஸ்லாஷ்'. கடற்போர்க் கதைகள் அவர்களுக்கு இயல்பான விளைநிலம். சி.எஸ்.ஃபாரஸ்டரின் ஹார்ன்ப்ளோவரும் அவனுடைய புஷ்ஷும் அங்கே உண்டு. அக்கதைகள் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, 2001இல், நண்பனைக் காப்பதற்காகக் கலகப்பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு இறக்கும் ஆர்ச்சி கென்னடிக்காக அழுது எழுதப்பட்ட கதைகளுக்குக் கணக்கில்லை. ஜாக்கும் ஸ்டீஃபனும் தப்புவார்களா?

ரசிகர்களின் சான்றுகள் வலுவற்றவை அல்ல. 'தி ஃபார் சைட் ஆஃப் தி வேர்ல்ட்' நாவலில், இரவில், கப்பலின் பின்புறச் சன்னல் வழியாக ஸ்டீஃபன் பசிபிக் கடலில் விழுந்துவிடுகிறான். ஜாக் ஒரு கணமும் யோசிக்காமல் பின்னாலேயே குதிக்கிறான். கப்பலின் கேப்டன், போர்க்காலத்தில், தன் கப்பலை விட்டுக் குதிக்கிறான். கப்பல் அவர்களை விட்டு விலகிப் போயே விடுகிறது. 'போஸ்ட் கேப்டன்' நாவலில், பிரான்சிலிருந்து தப்புவதற்காக ஜாக் கரடித்தோலுக்குள் புகுந்துகொள்ள, கரடியாட்டியாக வேடமிட்ட ஸ்டீஃபன் அவனை ஸ்பெயின்வரை நடத்திச் செல்கிறான். அதே நாவலில் டயானா என்னும் பெண்ணை முன்னிட்டு இருவரும் துப்பாக்கி ஏந்தி ஒருவரையொருவர் சுடவும் துணிகிறார்கள். அந்தச் சண்டையில் டயானாவைவிட, ஒருவர் மற்றவரை இழந்ததே பெரிய காயமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஜாக் மற்றவர்களிடம் ஸ்டீஃபனை அறிமுகப்படுத்தும் சொல்லோ 'பர்ட்டிகுலர் ஃப்ரெண்ட்'. தனி நண்பர். ரசிகர்கள் இச்சொல்லைக் கண்டு அடையும் குதூகலம் சொல்லி மாளாது.

இவற்றையெல்லாம் முதலில் அறிந்தபோது எனக்கு எரிச்சலே வந்தது. அக்காலத்தில் அச்சொல்லுக்கு நெருங்கிய நண்பர் என்பதற்குமேல் பொருளில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆடவர் கடிதங்களில் எழுதிக்கொண்ட விளிகளை இன்றைய காதோடு கேட்டால் எல்லோரும் காதலர்களாகத்தான் தெரிவார்கள். ஸ்டீஃபன் தன் நண்பனை 'மை டியர்' என்கிறான். விளையாட்டாக ஒருமுறை அந்த உரையாடல்களில் ஒன்றைத் தமிழாக்க முயன்றேன். 'அன்பே' என்று எழுதினால் ரசிகர்கள் வென்றுவிடுகிறார்கள். 'நண்பா' என்றால் அந்தக் குரலின் வெம்மை செத்துவிடுகிறது. 'அன்பரே' என்று போட்டால் மேடைப் பேச்சாகிவிடுகிறது. காதல் பக்கமும் சாயாமல் மரியாதைப் பக்கமும் விறைக்காமல் ஓர் ஆண் இன்னோர் ஆணை அழைக்கும் கனிந்த சொல் நம் இன்றைய உரைநடையில் எங்கே போயிற்று என்று அன்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ரசிகர்கள் நட்பைக் கொச்சைப்படுத்துகிறார்கள் என்ற முடிவோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் கையில் ஒரு பலமான வாதமும் இருந்தது. ஓப்ரையன் இவ்விஷயத்தில் வாய் மூடிய ஆசிரியர் அல்லர். முதல் நாவலிலேயே, ஸோஃபி கப்பலின் மாஸ்டரான மார்ஷல் தன் கேப்டன்மீது கொண்ட ஈர்ப்பு மற்றவர்களுக்குத் தெரிகிறது. ஜாக்குக்கு மட்டும் தெரிவதில்லை. 'தி கமடோர்' நாவலில் டஃப் என்னும் கேப்டன் தன் மாலுமிகளில் சிலரிடம் காட்டும் சலுகை கப்பலின் ஒழுங்கைக் குலைக்கிறது. ஜாக் அவனை அழைத்து எச்சரிக்கிறான். அவன் கவலை ஒழுங்கைப் பற்றியதே. டஃப் எவரை விரும்புகிறான் என்பதைப் பற்றியதன்று. லெட்வர்ட், ரே என்னும் இரு துரோகிகள் காதலர்கள் என்பதை நாவல் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே, சொல்ல வேண்டியபோது பெயர் சொல்லியே எழுதத் தெரிந்த ஒருவர், நாயகர்கள் விஷயத்தில் மட்டும் எதற்காக ஒளித்து வைக்கவேண்டும்? இலக்கியக் கூட்டம் ஒன்றில் இதைச் சொல்லிக் கைத்தட்டும் பெற்றேன். உள்ளுறை என்றால் நினைத்ததையெல்லாம் உள்ளே திணிப்பதன்று. சொல்லப்பட்ட கருப்பொருளே சொல்லப்படாததைக் காட்டித்தர வேண்டும் என்று தொல்காப்பியத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்தபின் ஓர் ஆய்வு மாணவி வந்து கேட்டார். "ஐயா, பெயர் சொல்லி எழுதப்பட்டவர்கள் யார் யார்? ஓரத்தில் நிற்கும் ஒரு மாஸ்டர், கப்பலைக் கெடுத்த ஒரு கேப்டன், இரண்டு துரோகிகள். நல்லவன் ஒருவன், திறமைசாலி, எல்லோருக்கும் வேண்டியவன், அப்படி இருந்திருந்தால் அந்தக் கப்பலில் என்ன செய்திருப்பான்?" மறைத்திருப்பான் என்றேன். "அப்போது நாவலில் அவன் எப்படித் தெரிவான்?" என்றார். எனக்கு விடை தோன்றவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அக்கேள்வி என்னை நாவல்களிலிருந்து வரலாற்றுக்குத் தள்ளியது. ஆங்கிலேயக் கடற்படையின் போர்ச் சட்டங்களில் இருபத்தொன்பதாம் விதி, ஆணோடு ஆண் கூடுவதற்கு மரண தண்டனை விதித்தது. விதிகள் அனைத்தையும் கேப்டன் தன் குரலில் மாலுமிகள் முன்னால் வாசிக்கவேண்டும். மாதம் ஒருமுறையேனும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பல கப்பல்களில் பிரசங்கத்துக்குப் பதிலாகவே அது நடந்தது. ஓப்ரையனின் ஜாக்கும் வாசிக்கிறான். ஸ்டீஃபன் அதே தளத்தில் நின்று கேட்டிருக்கிறான். முதல் நாவலிலேயே ஆட்டுடன் பிடிபட்ட மாலுமி ஒருவன்மீது அந்த விதியைப் பாய்ச்ச வேண்டுமா என்று ஜாக் தவிக்கும்போது, இருவரையும் வெவ்வேறு கரைகளில் இறக்கிவிட்டுப் போனால் என்ன என்று ஸ்டீஃபன் சொல்கிறான். சிரிக்க வைக்கும் இடம். சிரிப்புக்கு அடியில் கயிறு தொங்குகிறது என்பது எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் தெரிந்தது.

கயிறு வெறும் அச்சுறுத்தலாக மட்டும் இருக்கவில்லை. 1816இல் 'ஆஃப்ரிக்கேன்' கப்பலின் மாலுமிகள் நால்வர் இக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். போர் முடிந்து, நெப்போலியன் தீவுக்கு அனுப்பப்பட்ட பின்பு. ஒரு மாலுமிக்குத் தூளி கட்ட ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம்; பக்கத்தில் படுப்பவன் காவல் பணிக்குப் போயிருந்தால் அதில் இரட்டிப்பு. அவ்வளவு நெருக்கடியில் எவருக்கும் அந்தரங்கம் கிடையாது, எல்லோரும் சாட்சிகள். பிடிபட்டவர்களின் சொற்கள் படைநீதிமன்ற ஏடுகளில் இருக்கின்றன. பிடிபடாதவர்களோ சான்று விட்டுச் செல்லவில்லை. விட்டுச் செல்லாததே அவர்களைக் காத்தது. இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையைப் பற்றி, 'சான்று எங்கே' என்று தொல்காப்பியத்தை நீட்டிய என்னை நினைத்துக் கூசினேன்.

நெல்சனின் கடைசி நேரமும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1805இல், டிரஃபால்கரில், குண்டடிபட்டுக் கிடந்த நெல்சன் தம் கேப்டன் ஹார்டியிடம் முத்தமிடச் சொன்னார். ஹார்டி குனிந்து கன்னத்தில் முத்தமிட்டார்; சற்று நின்றுவிட்டு, மறுபடி குனிந்து நெற்றியில் முத்தமிட்டார். அருகிலிருந்த மருத்துவர் பீட்டி 1807இல் அச்சிட்ட குறிப்பு இது. பின்னால் வந்த தலைமுறை ஒன்றுக்கு இது பொறுக்கவில்லை. நெல்சன் கேட்டது முத்தமன்று, 'கிஸ்மத்' என்றே சொன்னார், விதி என்று பொருள், என்று திருத்தினார்கள். அரபியிலிருந்து துருக்கி வழியாக வந்த அந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியதே நெல்சன் இறந்து பல்லாண்டுகள் கழித்துத்தான்! நெல்சனும் ஹார்டியும் காதலர்கள் என்று எவரும் மெய்யாகச் சொல்லவில்லை. இருந்தும், சாகிறவன் கேட்ட ஒரு முத்தத்தை ஒளிக்க இவ்வளவு பாடு. ரசிகர்கள் நட்பைக் கெடுக்கிறார்கள் என்ற என் குற்றச்சாட்டு இங்கேதான் ஆட்டம் கண்டது. கெடுத்தவர்கள் அந்தத் திருத்தக்காரர்கள் அல்லவா?

மெல்விலைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இங்கே ஒரு நூலை மட்டும் சொல்கிறேன். 1891இல் அவர் இறந்தபோது முடிக்காமல் விட்டுச்சென்ற 'பில்லி பட்', 1924இல்தான் அச்சேறியது. 1797ஆம் ஆண்டு, கடற்படைக் கலகங்களுக்குப் பிந்தைய அச்சக் காலம். அழகும் கள்ளமின்மையும் கொண்ட இளம் மாலுமி பில்லி. அவன்மீது கலகப் பழி சுமத்துகிறான் க்ளாகார்ட் என்னும் அதிகாரி. திக்குவாயால் மறுமொழி சொல்ல இயலாத பில்லி ஓங்கி அடிக்க, க்ளாகார்ட் இறக்கிறான். பில்லியைத் தந்தைபோல் நேசிக்கும் கேப்டன் வியர் அவனைத் தூக்கிலிட வைக்கிறார். க்ளாகார்டின் வெறுப்பு எங்கிருந்து வந்தது? விதியும் தடையும் இல்லாதிருந்தால் அவன் பில்லியை நேசித்திருக்கக்கூடும் என்கிற குறிப்பை மெல்வில் ஓரிடத்தில் மெல்ல வைத்துவிட்டு நகர்கிறார். நான் அறிந்த உள்ளுறைகளில் மிகக் கொடியது அது.

இதைப் பெஞ்சமின் பிரிட்டன் 1951இல் இசைநாடகமாக்கினார். பாடநூலை எரிக் க்ரோசியரோடு சேர்ந்து எழுதியவர் ஈ.எம்.ஃபார்ஸ்டர். 'எ பேசேஜ் டு இந்தியா' ஆசிரியர் என்று நாம் அறிந்தவர். தான் நேசித்த சையது ராஸ் மசூதுக்கு அந்நூலைக் காணிக்கையாக்கியவர். 1913, 1914இல் எழுதிய 'மாரிஸ்' நாவலைத் தம் ஆயுள் முழுவதும் வெளியிடாமல் வைத்திருந்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1971இல்தான் அது வந்தது. க்ளாகார்டின் தனிப்பாடலில் காமத்தின் வேகம் போதவில்லை என்று அவர் பிரிட்டனிடம் குறைபட்டுக்கொண்டார். வியர் வேடத்தில் பாடியவர் பிரிட்டனின் வாழ்க்கைத் துணைவர் பீட்டர் பியர்ஸ். அப்போது அவர்களுடைய இல்வாழ்க்கையே இங்கிலாந்தில் குற்றம். 1967இல் சட்டம் தளர்ந்தபோதும் படைகளுக்கும் வணிகக் கப்பல்களுக்கும் விலக்கு வைத்தார்கள். கப்பலுக்குக் கடைசியாகத்தான் கரையின் காற்று வந்து சேர்கிறது. பிரிட்டிஷ் படைகளில் அந்தத் தடை விலகிய நாள் 2000 ஜனவரி 12. அதற்குப் பத்து நாள் முன்னர், ஜனவரி 2 அன்று, ஓப்ரையன் டப்ளினில் இறந்திருந்தார்.

அதே ஆங்கிலேயச் சட்டத்தின் வாரிசுதான் 1860இல் நமக்கு வந்த 377ஆம் பிரிவு. 2018இல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2004இல், நாங்கள் சிரித்த அந்த இரவில், அது முழு உயிரோடு இருந்தது. நம்மிடம் புழங்கிய 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லையும் கவனியுங்கள். சேர்க்கையைத் தவிர அதில் எதுவும் இல்லை. ஒருவன் இன்னொருவனுக்காகக் கடலில் குதிப்பதற்கு அதில் இடமில்லை. 'தன்பாலீர்ப்பு' இப்போதுதான் மெல்லப் பழகிவருகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஜாக்கும் ஸ்டீஃபனும் காதலர்கள் என்று நான் நினைக்கவில்லை. இருபது நாவல்களையும் மறுமுறை வாசித்துவிட்டே சொல்கிறேன். அவர்கள் இசைக்கிறார்கள், கில்லிக் என்ற சிடுசிடுப்பான பணியாள் கதவுக்கு அப்பால் ஒட்டுக்கேட்டபடி, வாட்டிய பாலாடைக்கட்டியை முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து வைக்கிறான். அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை என்பது என் வாசிப்பு. ஆனால் மாற்று வாசிப்பை இப்போது என்னால் இழிவாகக் கருத முடியவில்லை. அது அவர்களுக்கு இழைக்கப்படும் அவமானம் என்று நான் கருதியதில்தான் கோளாறு இருந்தது. அந்தக் கருத்து எனக்கு நூல்களிலிருந்து வரவில்லை.

அந்தப் படம் பார்த்த பின்பு, கோடை விடுமுறை முடிந்ததும், நான் அறையை மாற்றிக்கொண்டேன். படிப்புக்கு அமைதி வேண்டும் என்று விடுதிக் காப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அவன் என் பெட்டியை ஒரு பக்கம் பிடித்து மாடிவரை தூக்கி வந்தான். எதற்கு என்று கேட்கவில்லை. அதன்பின் நூலகத்தில் சந்தித்துக்கொள்வோம். அவன் என்மேல் வைத்திருந்தது என்ன, நான் அவன்மேல் வைத்திருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வயதும் சூழலும் வருமுன் ஓடிவிட்டேன். நட்பாகவே இருந்திருக்கலாம். நட்புதான் என்றால் ஓடியது இன்னும் பெரிய அபத்தம்.

சென்ற மாதம் அவனை அழைத்தேன். வேறொரு மாவட்டத்தில் பள்ளி ஆசிரியனாக இருக்கிறான். ஆண்டுக்கு இரண்டு முறை பேசிக்கொள்வது வழக்கம்தான். பேச்சுவாக்கில், விடுதியில் பார்த்த அந்தக் கப்பல் படம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"வயலின் வாசிப்பாங்களே, அதுதானே" என்றான். சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, கோபமில்லாத குரலில், "அன்னைக்கு எல்லாரையும்விட நீதான்டா சத்தமா சிரிச்ச" என்றான்.

ஆமாம் என்றேன். அதற்குள் அவன் பள்ளியில் மணி அடித்துவிட்டது. மாலையில் அவனே திரும்ப அழைத்தான். என் மகளின் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி விசாரித்தான்.